சோக் போட்டால்தான் ஓடுகிறதா? ஜெனரேட்டரில் பெட்ரோல் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது எப்படி

[காட்சி: மேசை மேல் சின்ன ஜெனரேட்டர், பக்கத்தில் காலிக் கண்ணாடிப் பாட்டில்]

வணக்கம். ரங்கூனில் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று ஜோசியராலும் சொல்ல முடியாது. அதனால் இந்த மெஷின் இல்லாத தெரு இல்லை. இது பக்கத்து வீட்டு அக்காவுடையது. சோக், அதாவது காற்று வழியை அடைக்கும் மூடி, போட்டால் ஓடுகிறது, சோக்கை எடுத்ததும் நின்றுவிடுகிறது.

"கார்பரேட்டர் போயிடுச்சா தம்பி? புதுசு வாங்கணுமா?" என்றார்.

"இருங்கக்கா, பெட்ரோல் எங்கே நிக்குதுன்னு பார்த்துடுவோம்" என்றேன்.

டேங்க், காக் என்கிற திறந்து மூடும் குழாய், டியூப், பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்பரேட்டரின் கிண்ணம், சின்னத் துளை உள்ள ஜெட். பெட்ரோல் போகிற வழி இவ்வளவுதான். மேலிருந்து கீழே வருவோம். அதற்கு முன்னால், வாயில் சுருட்டு இருந்தால் அணைத்துவிட்டு வாருங்கள்.

[காட்சி: டியூபின் நுனி பாட்டிலுக்குள்]

டியூபைக் கார்பரேட்டர் பக்கம் கழற்றிப் பாட்டிலில் விட்டுக் காக்கைத் திறங்கள். விடாமல் ஒழுகினால் மேல்பக்கம் சரி. நன்றாக வந்து, போகப்போகச் சொட்டாக மாறினால் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். உடனே வேகம் பிடிக்கிறதா? மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது. பெட்ரோல் இறங்கிய இடத்துக்குக் காற்று வராவிட்டால் மேற்கொண்டு இறங்காது. மூடியைக் கழுவி ஊதினால் தீரும் இதற்காக முழு மெஷினையும் பிரித்துப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அக்காவின் மெஷினில் ஒழுக்கு நன்றாகவே இருந்தது. ஆனால் பாட்டிலை இரண்டு நிமிடம் அப்படியே வைத்துப் பார்த்தால், அடியில் கோலிக்குண்டு மாதிரி இரண்டு தண்ணீர் முத்துகள். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனம், அடியில்தான் தங்கும். சாலையோரப் பாட்டில் பெட்ரோலும் மே மாத மழையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

[காட்சி: கிண்ணம் கழற்றப்படுகிறது]

கிண்ணத்துக்குள் மஞ்சள் பிசின். ஏப்ரலில் வரும் பர்மியப் புத்தாண்டான திஞ்சானுக்கு அப்புறம் மெஷினைத் தொடவே இல்லையாம். நின்றுபோன பெட்ரோல் ஆவியாகி மிச்சம் வைத்தது இது. பித்தளை ஜெட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். நடுவில் முழு நிலா தெரிய வேண்டும், தெரிந்ததோ பிறை.

சோக் போட்டால் ஏன் ஓடியது? சோக் காற்றை அடைக்கிறது. இஞ்சின் இழுக்கிற இழுப்பு முழுக்கப் பெட்ரோல் பக்கம் திரும்புவதால், பாதி அடைத்த ஜெட்டிலும் போதுமான அளவு வந்துவிடுகிறது. சோக்கை எடுத்தால் காற்று கூடும், பெட்ரோல் பற்றாது.

ஜெட்டில் கம்பி விடாதீர்கள். பித்தளை மிருதுவானது, துளை கொஞ்சம் அகன்றாலும் பெட்ரோல் குடித்துக் கறுப்புப் புகை கக்கும். கிளீனர் அடித்து, தூண்டில் நரம்பு ஒன்றை உள்ளே விட்டு எடுத்தேன். ரப்பர் வளையத்தில் மட்டும் கிளீனர் படக் கூடாது, உப்பிவிடும். கார்பரேட்டரிலிருந்து பெட்ரோல் வழிந்தால், கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோலை நிறுத்தும் மிதவை ஊசியைப் பாருங்கள், நுனியில் தூசி உட்கார்ந்திருக்கும்.

[காட்சி: கயிறு இழுக்கப்படுகிறது]

மூன்றாவது இழுப்பில் பிடித்தது. சோக்கை எடுத்தேன், நிற்கவில்லை.

அக்கா ஒரு மாதம் மோல்மேன் ஊருக்குப் போகிறாராம். மறுபடி பிசின் பிடிக்காமலிருக்க, காக்கை மூடிவிட்டு, கிண்ணத்துப் பெட்ரோல் தீர்ந்து தானாக நிற்கும்வரை ஓட விட்டோம். அதற்குள் அக்கா போனை சார்ஜில் போட்டுவிட்டார்.