யூரியா இருந்தால் மூடிக்கொள்ளும் மரபணு

கோவை வானொலி நேயர்களுக்கு வணக்கம். பொள்ளாச்சிப் பக்கமோ கோபிப் பக்கமோ கடலைக்காய் போட்டிருப்பவர்கள், பூ எடுத்த செடி ஒன்றை மண்ணோடு தோண்டி வேரைக் கழுவிப் பாருங்கள். சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும். ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே சிவப்பு. ரைசோபியம் வகைப் பாக்டீரியா அங்கே காற்றின் நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குத் தழைச்சத்தாக மாற்றிக் கொடுக்கிறது.

இதே பாக்டீரியா வெறும் மண்ணில் கிடந்தபோது இந்த வேலையைச் செய்யவில்லை. அதற்கான மரபணுக்கள் அப்போதும் அதனிடம் இருந்தன, மூடிக் கிடந்தன. காரணம் செலவு. ஒரு நைட்ரஜன் மூலக்கூறை அம்மோனியாவாக்க, செல்லின் எரிபொருளான ஏ.டி.பி. குறைந்தது 16 வேண்டும்.

மரபணு எப்படித் திறந்து மூடுகிறது என்று தெளிவாகச் சொன்னவர்கள் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தின் ஃபிரான்சுவா ஜேக்கப்பும் ஜாக் மோனோவும், 1961இல். கல்லூரியில் மனப்பாடம் செய்யவைத்தே கெடுத்த பாடம் இது, விஷயம் எளிதுதான். குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவுக்குப் பால் சர்க்கரை கிடைக்காதபோது, அடக்கிப் புரதம் ஒன்று டி.என்.ஏ.வில் உட்கார்ந்து, அந்தச் சர்க்கரையைச் செரிக்கும் மரபணுக்களைப் படியெடுக்க விடாது. பால் சர்க்கரை வந்ததும், அதிலிருந்து உண்டாகும் இன்னொரு சர்க்கரை அந்தப் புரதத்தில் ஒட்டும். புரதத்தின் வடிவம் மாறி, பிடி விட்டுப்போகும். ஆனால் பக்கத்தில் குளுக்கோஸ் இருந்தால் முதலில் அதைத்தான் தின்னும். அது தீர்ந்ததும் வளர்ச்சி கொஞ்ச நேரம் நின்று, அப்புறம்தான் பால் சர்க்கரைக்கு மாறும்.

கடலைக்காய் வேரில் இந்தத் திறப்பு இரண்டு கட்டமாக நடக்கிறது. வேர் கசியவிடும் ஃபிளேவனாய்டு என்ற வேதிப்பொருள்களை பாக்டீரியாவின் நாட்-டி என்ற புரதம் உணர்கிறது. இது அடக்கி அல்ல, தூண்டி. முடிச்சுப் போடத் தேவையான மரபணுக்களை இது திறந்துவிடும். நைட்ரஜனைப் பிடிக்கும் நிஃப் மரபணுக்கள் அப்போதும் திறக்காது. அவை உண்டாக்கும் நைட்ரஜனேஸ் நொதியை ஆக்சிஜன் கெடுத்துவிடும். அதனால் முடிச்சுக்குள் ஆக்சிஜன் நன்றாகக் குறைந்த பிறகே அவை திறக்கும். நீங்கள் பார்த்த சிவப்பு லெக்ஹீமோகுளோபின் என்ற புரதத்தினுடையது. அது ஆக்சிஜனைப் பிடித்துவைத்து, பாக்டீரியா மூச்சுவிடத் தேவையானதை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும்.

இனி ஈரோட்டு மஞ்சள்காரர்களுக்கு. நீங்கள் உயிர் உரமாகப் பாக்கெட்டில் வாங்கும் அசோஸ்பைரில்லம் பாக்டீரியா வேரில் முடிச்சுப் போடாது. வேரை ஒட்டி வாழும். சுற்றிலும் அம்மோனியம் நிறைய இருந்தால் அதன் நிஃப் மரபணுக்கள் மூடிக்கொள்ளும். ஏற்கெனவே உண்டான நைட்ரஜனேஸையும் அதுவே நிறுத்திவைக்கும். மண்ணில் யூரியா சில நாளில் அம்மோனியமாகிவிடுகிறது. பாக்கெட் போட்ட கையோடு யூரியாவையும் அள்ளிப் போட்டுவிட்டு, "பாக்டீரியா செத்துப்போச்சு" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. அது உயிரோடுதான் இருக்கலாம். தழைச்சத்து சும்மா கிடைக்கும்போது அது ஏன் காற்றிலிருந்து பிடிக்கப்போகிறது? பாக்கெட்டைத் தொழு உரத்தோடு கலந்து தனியாகப் போடுங்கள். யூரியாவைச் சில நாள் தள்ளி, பிரித்துப் பிரித்துக் கொடுங்கள்.