துவைக்கிற கல்லில் எழுந்த கை

நேயர்கள் அனைவருக்கும் காலை வணக்கம்.

அன்றாட வேலைகளுக்கு நடுவில் இறையருளுக்கு எங்கே இடம் என்று கேட்பவர்களிடம், காஞ்சிபுரத்துத் திருக்குறிப்புத் தொண்டரைப் பற்றித்தான் நான் பேசுவேன். 63 நாயன்மார்களில் ஒருவர். துணி வெளுப்பது அவர் தொழில். சிவனடியார்களின் துணியை வெளுத்துக் கொடுப்பதையே தொண்டாகச் செய்தவர்.

குளிர்காலத்தில் ஒரு நாள், மெலிந்த அடியாராகச் சிவபெருமானே வருகிறார். மேலே அழுக்கேறிய ஒரு கந்தை. குளிருக்கு அவரிடம் இருப்பது அது ஒன்றுதான். பொழுது சாய்வதற்குள் வெளுத்து, உலர்த்திக் கொடுத்துவிட வேண்டும் என்று சொல்லித் தருகிறார். தொண்டரும் வாங்கிப் போய் வேலையைத் தொடங்குகிறார். நேரம் பார்த்து மழை பிடித்துக்கொள்கிறது. விடவே இல்லை. இருட்டியும் விட்டது.

வாக்குத் தவறிய வருத்தம் இருக்கத்தான் செய்தது. ஆனால் அந்த மெலிந்த உடம்பு குளிரில் நடுங்குமே என்ற நினைப்புதான் அவரை உலுக்கிவிட்டது. துவைக்கிற கல்லிலேயே தலையை மோதினார். அங்கிருந்து ஒரு கை எழுந்து அவரைப் பிடித்துக்கொண்டது. பிறகு இறைவன் காட்சி தந்ததையும் சேக்கிழார் பாடுகிறார்.

எல்லோரும் அந்தக் கையைத்தான் அருள் என்பார்கள். எனக்கு அதற்கு முன்பே அருள் தெரிகிறது. யாரோ ஒருவருடைய கந்தைக்காக இப்படித் தவிக்கும் மனம் சும்மா வந்துவிடுமா? நாள்தோறும் அழுக்குத் துணியைக் கையில் எடுத்து, அதை உடுத்தப்போகிறவரை நினைத்தே துவைத்ததில் வந்த மனம் அது.

என் அம்மா படுக்கையில் இருந்த காலத்தில் இதைக் கொஞ்சம் உணர்ந்தேன். ஐப்பசி அடைமழை. விரிப்பைத் தினமும் மாற்றியாக வேண்டும். துவைத்ததை நாற்காலிகள் மேல் விரித்து, மின்விசிறியைப் போட்டுவிட்டு, ஓரத்தில் ஈரம் இருக்கிறதா என்று கன்னத்தில் வைத்துப் பார்ப்பேன். அம்மாவுக்குச் சில்லிட்டுவிடக் கூடாதே என்ற கவலைதான். அந்த நேரத்தில் தனியாக மந்திரம் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. அந்தக் கவலையே வழிபாடாக இருந்தது.

வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்கள் பலர் இப்போது கேட்டுக்கொண்டிருப்பீர்கள். கோயிலுக்குப் போக முடியவில்லையே, பூஜைக்கு நேரமில்லையே என்று குறைப்பட்டுக்கொள்கிறீர்கள். வேண்டாம். தொண்டரும் அன்று முழுவதும் ஒரு துணியோடுதான் இருந்தார். இறைவன் அங்கேதான் வந்தார்.

நன்றி, வணக்கம்.