ஆழம் தெரிந்தவர்கள் கட்டிய பாலம்

அவைத்தலைவர் அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவர் அம்மையார் அவர்களே, இந்த நூலகத்துக்கு மின்விசிறிகள் வாங்கிக் கொடுத்த வணிகப் பெருமக்களே, இரண்டு பஸ் மாறி வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் புவியியல் ஆசிரியர் ஐயா அவர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஐயாவை வைத்துக்கொண்டு ஆற்றைப் பற்றிப் பேசுவது நான் பெற்ற பேறு. எட்டாம் வகுப்பில் எங்களை வாய்க்கால் கரைக்கு நடத்திக்கொண்டு போய், "ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்று சொல்லி, கையில் ஒரு மூங்கில் கழியைக் கொடுத்து அளக்க வைத்தவர் அவர். அந்தப் பழமொழியைத்தான் நான் ஜப்பான் வரைக்கும் சுமந்துகொண்டு போனேன்.

அங்கே ஷிகோகு தீவில் ஓடும் ஷிமான்டோ ஆற்றின் போக்கு, பாலங்கள், விளைச்சல் ஆகிய மூன்றையும் சொல்ல வந்திருக்கிறேன். 196 கிலோமீட்டர் நீளம். அந்தத் தீவில் இதைவிட நீளமான ஆறு இல்லை. இராசு மலையில் பிறந்து தெற்கே இறங்கி, குபோகாவா என்னும் ஊரை அடைகிறது. அங்கிருந்து பசிபிக் கடல் சில கிலோமீட்டர் தூரம்தான். ஆறோ கடலுக்கு முதுகைக் காட்டி மேற்கே திரும்பி, மலைகளுக்குள் பாம்பாக வளைந்து, நெடுந்தூரம் சுற்றி, நகாமுரா என்னும் ஊருக்குத் தெற்கே போய்த்தான் கடலைத் தொடுகிறது. காரணம், கடலோர நிலம் மெல்ல மெல்ல உயர்ந்தது. ஆறு தன் பழைய வளைவுகளைக் கைவிடாமல் பாறையை அறுத்துக்கொண்டே கீழே இறங்கியது. வளைவின் உட்புறம் கையகலச் சமவெளி. அதில் சில வீடுகள், கொஞ்சம் நெல்வயல். வயல் ஒரு கரையில், வீடு மறுகரையில் என்றால் ஆற்றைக் கடக்காமல் பிழைப்பு இல்லை.

முன்பு படகில் கடந்தார்கள். பிறகு வந்தவைதான் மூழ்கு பாலங்கள், அவர்கள் மொழியில் சிங்காபாஷி. இன்றும் நிற்பவற்றில் பழையதான இத்தோஹியோ பாலம் 1935-இல் கட்டப்பட்டது. தாழ்வான பாலம்; இரண்டு பக்கமும் கைப்பிடிச் சுவர் கிடையாது. புயல் மழையில் வெள்ளம் பாலத்துக்கு மேலேயே போகும். சுவர் இருந்தால் அடித்து வரும் மரங்கள் அதில் மாட்டிக்கொண்டு பாலத்தையே பெயர்த்துவிடும்.

கடலுக்கு மிக அருகில் இருக்கும் சாடா பாலத்தில் நானே நடந்தேன். சுமார் 290 மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலம். பாதி தூரம் போயிருப்பேன், எதிரே ஒரு சிறிய லாரி வந்தது. பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. கீழே தண்ணீர், அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணிவிடலாம், அவ்வளவு தெளிவு. எனக்குப் பின்னால் கீரைக் கூடையோடு வந்த ஒரு பாட்டி என் சட்டைக் கையைப் பிடித்து ஓரத்துக்கு இழுத்தார். இருவரும் விளிம்பை ஒட்டி நின்றோம். லாரிக்காரர் பக்கக் கண்ணாடியை மடக்கி, தலையைத் தாழ்த்தி வணங்கி, நடைவேகத்தில் கடந்து போனார். பாட்டி விடவில்லை. கரைக்குப் போனதும் ஒரு மூங்கில் புதரைக் காட்டினார். அண்ணாந்து பார்த்தேன். என் தலைக்கு இரண்டு ஆள் உயரத்தில், கிளையில் காய்ந்த புல் சுருண்டு கிடந்தது. போன வெள்ளம் வந்த உயரம் அது! ஒரு சொல் பேசாமல் எனக்குப் பாடம் நடத்திவிட்டார். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பதை அந்த ஊர் அப்படிக் கற்றுக் கொடுக்கிறது.

உயரமான புதுப் பாலங்கள் வந்த பிறகும் அந்த ஆறு ஓடும் ஜப்பானின் கோச்சி மாகாணம் மூழ்கு பாலங்களைப் பாதுகாப்பது என்று முடிவெடுத்தது. துணையாறுகளையும் சேர்த்து 47 பாலங்கள்.

அயு என்னும் ஆற்று மீனும், முகத்துவாரத்தில் விளையும் பச்சைப் பாசியும் அந்தக் கரைகளின் வருமானம். பாசி விளைச்சல் இப்போது வெகுவாக விழுந்துவிட்டது. அதைக் கரையில் நடக்கிறவர்கள்தான் முதலில் கண்டார்கள்.

அதனால்தான் மாணவச் செல்வங்களுக்காக நான் ஊர் ஊராகக் கேட்கிறேன். நம் பிள்ளைகள் ஆற்றைப் படத்தில் நீலக் கோடாக மட்டும் பார்க்கிறார்கள். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று சொல்லிவிட்டு, ஆழத்தைக் காட்டாமலே வளர்க்கிறோம். மாதத்தில் ஒரு புவியியல் வகுப்பாவது ஆற்றங்கரையில் நடக்க வேண்டும். வெள்ளம் தொட்ட உயரத்தைப் பிள்ளைகளே ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுச் சுவரில் குறிக்க வேண்டும். தலைவர் அம்மையார் இதை மன்றக் கூட்டத்தில் வைப்பதாக மேடைக்கு ஏறுமுன் என்னிடம் சொன்னார். அவருக்கு என் நன்றி. மனுத்தாள் வாசல் மேசையில் இருக்கிறது. முதல் கையெழுத்தை ஐயா போட்டிருக்கிறார்.