நிலக்கரி சுட்ட கோப்பைகள்

நேயர்களுக்கு வணக்கம். லண்டனிலிருந்து மான்செஸ்டருக்குப் போகும் பல ரயில்கள் ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் வழியாகத்தான் போகின்றன. அங்கே இறங்கிச் சுற்றிப் பார்க்கிறவர்கள் குறைவு. டன்ஸ்டல், பர்ஸ்லெம், ஹான்லி, ஸ்டோக், ஃபென்டன், லாங்டன் என்று ஒட்டி ஒட்டிக் கிடந்த 6 ஊர்களை 1910-இல் ஒன்றாகச் சேர்த்து உண்டாக்கிய நகரம் அது. அந்த வட்டாரத்துக்கே 'பாட்டரீஸ்', அதாவது மண்பாண்டப் பட்டறைகள், என்றுதான் பெயர். வெட்ஜ்வுட், ஸ்போட், மின்டன் போன்ற பேர்பெற்ற பீங்கான் நிறுவனங்கள் எல்லாம் அங்கே பிறந்தவை. நான் ஒரு நுரையீரல் மருத்துவன். சில காலம் அந்தப் பக்கத்தில் வேலை பார்த்தவன். பீங்கானைப் பற்றிப் பேச இவன் யார் என்று கேட்காதீர்கள், காரணம் போகப் போகத் தெரியும்.

நல்ல களிமண் இருந்ததால்தான் அங்கே பீங்கான் தொழில் வளர்ந்தது என்று நினைப்போம். பாதிதான் சரி. அந்த ஊர் மண் பானைக்கும் ஓட்டுக்கும் ஆகும். வெள்ளைக் கோப்பைக்கு ஆகாது. வெள்ளை மண் தெற்கே கார்ன்வாலிலிருந்தும் டெவனிலிருந்தும் வந்தது. மண்ணோடு கலக்கும் சிக்கிமுக்கிக் கல்லும் வெளியூர்ச் சரக்குதான். ஊரில் தோண்டிய இடத்தில் கிடைத்தது நிலக்கரி. 1 டன் மண்ணைச் சுட 10 டன் கரி என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். அப்படியிருக்க, கரியைத் தூக்கிக்கொண்டு மண்ணைத் தேடிப் போவதைவிட, மண்ணைக் கரி இருக்கும் இடத்துக்கு வரவழைப்பதுதானே லாபம்? அந்த ஊருக்கு வந்த நல்லது, கெட்டது இரண்டுமே பெரும்பாலும் இந்தக் கணக்கில் பிறந்தவை.

மண் வரவேண்டும், கோப்பை உடையாமல் வெளியே போகவேண்டும். குண்டும் குழியுமான பாதையில் பொதிக்குதிரை முதுகில் பீங்கானை ஏற்றினால் என்ன மிஞ்சும்? வெட்ஜ்வுட் நிறுவனத்தைத் தொடங்கிய ஜொசையா வெட்ஜ்வுட் ஆள் சேர்த்து, பணம் சேர்த்து, 1766-இல் தன் கையாலேயே முதல் மண்ணை வெட்டிக் கால்வாய் வேலையைத் தொடங்கிவைத்தார். ட்ரென்ட்-மெர்சி கால்வாய் 1777-இல் முடிந்தது. அதற்குள் அது போகும் வழியிலேயே எட்ருரியா என்ற தன் தொழிற்சாலையை அவர் எழுப்பிவிட்டார். காரியக்காரர்!

சரி, சூளைக்கு வருவோம். வெளியிலிருந்து பார்த்தால் செங்கல்லால் கட்டிய ராட்சதப் பாட்டில். 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இப்படி 2000 சூளைகள் வரை அங்கே இருந்தன. பாட்டில் வடிவம் வெறும் புகைக்கூண்டுதான். நிஜச் சூளை அதற்குள்ளே இருக்கும். இன்னும் சுடாத பச்சைக் கோப்பைகளைப் புகையும் தீயும் நேராகத் தொடாதபடி, 'சாகர்' என்ற தடித்த மண்பெட்டிகளில் வைப்பார்கள். நிரம்பிய சாகரைத் தலையில் சும்மாடு வைத்துச் சுமந்து, ஏணியில் ஏறி, ஒன்றன்மேல் ஒன்றாகக் கூரை முட்ட அடுக்கவேண்டும். பிறகு வாசலைச் செங்கல் வைத்து அடைத்து, சுற்றிலும் உள்ள அடுப்புவாய்களில் கரி போடுவார்கள். தீயைப் பார்க்கும் ஆள் இரண்டு மூன்று நாள் சூளையை விட்டு நகரமாட்டார். அவர் ஒருமுறை கணக்குத் தப்பினால் பல பேருடைய பல நாள் உழைப்பு வீண். ஆறும்வரை காத்திருக்க முதலாளிக்குப் பொறுமை இல்லாதபோது, ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய்ச் சூடான சாகர்களை எடுத்து வந்திருக்கிறார்கள்.

சிறுவர்களுக்கும் வேலை இருந்தது. தட்டு வார்த்த அச்சைத் தூக்கிக்கொண்டு அனல் அடிக்கும் உலர்த்தும் அறைக்கு ஓடி, அங்கே வைத்துவிட்டு, காலி அச்சோடு திரும்பி ஓடிவரவேண்டும். விடிகாலை முதல் இரவு வரை இதே ஓட்டம். 1841-இல் சாமுவேல் ஸ்க்ரிவன் என்ற அரசு விசாரணை அதிகாரி இந்தப் பிள்ளைகளையே நேரில் பேசவைத்துப் பதிவு செய்தார்.

இப்போது என் துறை. 'போன் சைனா' என்கிறோமே, அந்தப் பீங்கானில் ஏறக்குறைய பாதி, மாட்டெலும்பைச் சுட்டெடுத்த சாம்பல். (சாமி அலமாரிக்குப் பக்கத்தில் போன் சைனா செட் அடுக்கியிருக்கும் சைவ வீடுகளில் இதை நான் சொல்வதில்லை.) சூட்டில் அது வளைந்துவிடாமல் இருக்க, சாகருக்குள் சிக்கிமுக்கிக் கல்லின் பொடியைப் பரப்பி அதில் பதித்து வைப்பார்கள். வெந்து வந்ததும் ஒட்டியிருக்கும் பொடியைத் தூரிகையால் தட்டித் துடைக்கவேண்டும். அது பெரும்பாலும் பெண்களின் வேலை. மாவு போன்ற அந்தப் பொடி நாள் முழுக்க மூச்சில் போகும். நுரையீரலில் தங்கினால் வெளியே வராது; சுற்றிலும் தழும்பு கட்டும், மூச்சு சுருங்கும். சிலிகோசிஸ் அதுதான். நம் நாட்டில் கல் உடைக்கிறவர்களையும் இதே நோய்தான் பிடிக்கிறது. ஈயம் கலந்த மெருகுக் குழம்பில் கோப்பையை முக்கி எடுத்தவர்களுக்கு ஈய நஞ்சு. சிக்கிமுக்கிப் பொடிக்குப் பதிலாக அலுமினா என்ற வேறு பொடி பிற்பாடு வந்தது. வேறு பொடியால் வேலை நடக்கும் என்றால், இத்தனை தலைமுறை ஏன் காத்திருந்தார்கள் என்ற கேள்வியை என்னால் விடமுடியவில்லை.

கரிப்புகையின் காலம் 1956-இன் தூய காற்றுச் சட்டத்தோடு முடிவுக்கு வந்தது. எரிவாயு, மின்சாரச் சூளைகள் வந்தன; பாட்டில் சூளைகளை இடித்துத் தள்ளினார்கள். 1978-இல் பழைய ஆட்களைத் திரட்டி லாங்டனில் ஒரு சூளையைக் கடைசியாக மூட்டிப் பதிவு செய்து வைத்தார்கள். இன்று மிஞ்சியிருப்பவை 50-க்கும் குறைவு. லாங்டனில் கிளாட்ஸ்டன் அருங்காட்சியகத்தில் சூளைக்குள்ளேயே நின்று பார்க்கலாம். ஆனால் எனக்குப் பிடித்தது பர்ஸ்லெம் பக்கத்தில் மிடில்போர்ட். 1880-களின் கடைசியில் கட்டிய அந்தத் தொழிற்சாலையில் இன்னமும் மெல்லிய காகிதத்தில் சித்திரத்தை அச்சிட்டு, கோப்பையில் ஒட்டித் தேய்த்து இறக்குகிறார்கள். வளைவில் சித்திரம் எங்கே பிசகும் என்று கை முன்கூட்டியே அறிந்து வெட்டி ஒட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

எரிபொருள் கணக்கு மட்டும் இன்னும் அந்த ஊரை விட்டபாடில்லை. 2025-இல் சில மாத இடைவெளியில் ராயல் ஸ்டாஃபோர்டு, மூர்கிராஃப்ட் என்ற இரண்டு பீங்கான் நிறுவனங்கள் மூடப்பட்டன. எரிசக்தி விலையேற்றம் முக்கியக் காரணங்களில் ஒன்று. மூர்கிராஃப்டை மட்டும் அதை நிறுவியவரின் பேரனே விலைக்கு வாங்கி, மறுபடி சூளையை மூட்ட முன்வந்தார். நன்றி, வணக்கம்.