பழைய சைக்கிள ரெடி பண்ணி வித்தா காசு நிக்குமா? ஸ்பேனர் எடுக்கறதுக்கு முன்னாடி இத பாருங்க

(ரெண்டு சைக்கிள் பக்கத்துல பக்கத்துல நிக்குது)

இதுல எத எடுப்பீங்க? இடது பக்கம் ஒரு லேடீஸ் வண்டி, பிஎஸ்ஏ லேடிபேர்டு, மொட்டை மாடில அஞ்சு வருஷம் மழையும் வெயிலும் வாங்குனது, சீட்டுல பஞ்சு வெளிய வந்துடுச்சு, ரெண்டு டயரும் தரையோட ஒட்டிப்போச்சு. வலது பக்கம் டபுள் ஷாக் வச்ச கியர் வண்டி, சிவப்பு கலர், பளபளன்னு இருக்கு, காத்தடிச்சா இப்பவே ஓட்டிட்டுப் போயிடலாம். ரெண்டுக்கும் சொன்ன வெலை ஒன்னுதான், 800 ரூபா.

நான் மெக்கானிக் கெடையாதுங்க. வாரக்கடைசில பழைய வண்டி வாங்கி ரெடி பண்ணி விக்கறது ஒரு பைத்தியம், அவ்ளோதான். மொதல் வருஷம் நல்லா கைய சுட்டுக்கிட்டேன், ஏன்னா வண்டிய பாத்த ஒடனே எப்படி ரிப்பேர் பண்ணலாம்னு யோசிக்க ஆரம்பிச்சுடுவேன், எவன் வாங்குவான், என்ன குடுப்பான்னு கடைசிலதான் யோசிப்பேன். அத அப்படியே தலைகீழா பண்ணணும். இந்த வண்டி ரெடி ஆயி பளிச்சுனு நின்னா எவ்ளோக்குப் போகும், அந்த நம்பர்லேந்து பின்னாடி வாங்க. வாங்குறவருக்கு நீங்க எத்தன ரூபாய்க்கு சாமான் போட்டீங்கங்கறது கவலையே இல்ல, அவரு பாக்கறது என்ன வண்டி, ஓடுதா, அவ்ளோதான்.

மொதல்ல ஒரு விஷயம், இது காசு விஷயம் இல்ல, ஆனா இத பாக்காம வாங்காதீங்க. வண்டிய கவுத்துப் போட்டு பெடல் மாட்டற இடத்துக்கு அடில பாருங்க, பெரும்பாலும் அங்கதான் ஃப்ரேம் நம்பர் பஞ்ச் பண்ணிருக்கும், சில வண்டில சீட்டுக்குக் கீழ இருக்கும். அந்த நம்பர ராவி எடுத்திருந்தா எவ்ளோ சீப்பா குடுத்தாலும் கெளம்பிடுங்க. திருட்டுப் பொருள்னு தெரிஞ்சோ, அப்படி நெனைக்க காரணம் இருந்தோ வாங்குனா வாங்குனவன் மேலயும் கேஸ் வரும், முன்னாடி ஐபிசி 411னு சொல்வாங்க, 2024 ஜூலைலேந்து அது பிஎன்எஸ், அதாவது புது தண்டனைச் சட்டத்துல, 317. பழைய வண்டிக்கு பில்லு யாருகிட்டயும் இருக்காது, அதனால குடுக்கறவங்க வீட்டு வாசல்ல வச்சு வாங்கறதுதான் என் வழக்கம், ரோட்டு ஓரத்துல நிறுத்தி வச்சு விக்கறவங்ககிட்ட வாங்கறதில்ல.

சரி இப்ப ஃப்ரேம். ஃப்ரேம் போச்சுன்னா வண்டி போச்சு, மத்ததெல்லாம் சாமான், மாத்திக்கலாம்.

(ஹேண்டில் கீழ க்ளோசப்)

இங்க பாருங்க, ஹேண்டிலுக்குக் கீழ ஃபோர்க்கு உள்ள போற பைப்பு இருக்குல்ல, அதோட மேல் பைப்பும் கீழ் பைப்பும் ஒட்டற எடம். அதுக்கு அடிப்பக்கம் வெரல வச்சுத் தடவுங்க, கண்ணால மட்டும் பாக்காதீங்க, தடவுங்க. வண்டி எங்கயாவது நேரா போயி மோதிருந்தா அங்க பைப்பு லேசா வீங்கி ஒரு மேடு இருக்கும், இல்ல பெயிண்ட் குறுக்கால வெடிச்சிருக்கும். மேடு இருந்தா வேணாம். ஒரு தடவ நான் புதுசா பெயிண்ட் அடிச்ச வண்டி ஒன்னு ஆசைப்பட்டு வாங்கிட்டு வந்து பெயிண்ட்ட சொரண்டுனா உள்ள ஃபோர்க்குல வெல்டிங், அத பாத்ததுலேந்து புது பெயிண்ட் அடிச்ச பழைய வண்டின்னா எனக்கு சந்தேகம்தான்.

அடுத்தது நூல் டெஸ்ட். பின் வீல் ஆக்சில் மாட்டற எடத்துல ஒரு பக்கம் நூல கட்டுங்க, முன்னாடி கொண்டு போயி ஹேண்டிலுக்குக் கீழ அந்தப் பைப்ப சுத்தி திரும்ப அடுத்த பக்க ஆக்சிலுக்குக் கொண்டு வந்து டைட்டா கட்டுங்க. இப்ப நடுவுல சீட்டு பைப்புக்கும் நூலுக்கும் எவ்ளோ எடைவெளின்னு ரெண்டு பக்கமும் ஸ்கேல வச்சுப் பாருங்க. ரெண்டும் ஒன்னா இருந்தா ஃப்ரேம் நேரா இருக்கு. ஒன்னு ரெண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் பரவால்ல, அதுக்கு மேலன்னா அந்த வண்டி கைய விட்டா ஒரு பக்கமா இழுக்கும்.

துரு விஷயத்துல பயப்படவும் வேணாம் ஏமாறவும் வேணாம். மேல செம்மண் பூசுன மாதிரி இருக்கறது மேல் துரு, உப்புத்தாள் போட்டா போயிடும். மோசமானது உள்ளுக்குள்ள அரிக்கறது. மழைத்தண்ணி சீட்டு பைப்பு வழியா எறங்கி பெடல் ஆக்சில் இருக்கற கிண்ணத்துல போயி நிக்கும், அதனால அரிப்பு எப்பவும் அங்கதான் ஆரம்பிக்கும், அதுக்கு மேல நாலு விரக்கடை வரைக்கும் ஒரு ரூபா காச வச்சு தட்டிப் பாருங்க, டிங்குன்னு கேட்டா நல்லா இருக்கு, ஓட்டப் பானைய தட்டுன மாதிரி டொக்குன்னு கேட்டா பைப்பு மெலிஞ்சுடுச்சு. நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரி கடலோரத்துல நின்ன வண்டின்னா இத ரெண்டு தடவ தட்டுங்க, உப்புக்காத்து சும்மா விடாது. சீட்டு கம்பி மேலயும் கீழயும் வருதான்னும் பாருங்க, இறுகிப்போயி அசையலன்னா அத எடுக்கவே அரை நாள் போகும்.

ஒரு காந்தம் வச்சுக்கோங்க, ஒட்டுனா இரும்பு. இரும்பு ஃப்ரேம்ல சின்ன வெடிப்புன்னா ஊர்ல எந்த வெல்டிங் கடைலயும் ஒட்டிடலாம் (வித்துட்டு நிம்மதியா தூங்க முடியுமாங்கறது வேற கேள்வி). ஒட்டலன்னா அலுமினியம், அதுல வெடிப்பு வந்தா நம்ம தெருக்கடைல ஒன்னும் பண்ண முடியாது, விட்டுடுங்க.

இப்ப வீலு. காசு உண்மையிலேயே ஓடிப்போறது இங்கதான்.

(வீல் சுத்துது, பக்கத்துல சாக்பீஸ்)

வீல சுத்தி விட்டு ரிம்முக்குப் பக்கத்துல சாக்பீஸ பிடிச்சுக்கோங்க. ரிம்மு இடது வலதா ஆடுதுன்னா அது கோட்டம், போக்ஸ் கம்பிய டைட் லூஸ் பண்ணி எடுத்துடலாம், கோட்டம் எடுக்கக் கூலி பெருசா ஆகாது. ஆனா மேலயும் கீழயும் குதிக்குதுன்னா பள்ளத்துல விட்டு ரிம்மு அடி வாங்கிருக்கு, அது ரிம்மு மாத்துற கேஸு. ரிம்மு மாத்துனா கம்பியும் மாத்தணும்னு ஆகும், நம்ம பழைய 28 இன்ச் பார் வண்டில முன்னாடி 32 கம்பி பின்னாடி 40 கம்பி, அத்தனையும் வாங்கி வீல் கட்டற கூலியும் குடுத்தா அந்த எடத்துலயே லாபம் முடிஞ்சுது. கம்பி ரெண்டு மூணு உடைஞ்சிருந்தா கவலைப்பட வேணாம். ஆனா ரிம்முல கம்பிய டைட் பண்ற சின்ன நட்டு, அதான் நிப்பிள், பாதிக்கு மேல துருவுல ஒட்டிக்கிட்டு சுத்தலன்னா அத புது வீல்னே கணக்கு வச்சுக்கோங்க.

டயர் சைஸ்ல நெறைய பேர் மாட்டிக்கறாங்க. 26 இன்ச்னு சொல்லி வாங்கிட்டு வருவாங்க, மாட்டவே மாட்டாது. 26க்கு 1 3/8னு போட்டிருக்கறது வேற, 26க்கு 1.75னு போட்டிருக்கறது வேற, மொதல்லதுக்கு ரிம்முல டயர் உக்கார்ற விட்டம் 590 மில்லிமீட்டர், ரெண்டாவதுக்கு 559, மூணு சென்டிமீட்டர் வித்தியாசம் இருக்கு. பழைய டயரோட பக்கத்துல எழுதிருக்கறத போன்ல போட்டோ எடுத்துட்டு கடைக்குப் போங்க.

செயின் தேஞ்சு நீண்டுபோச்சான்னு பாக்க ஸ்டீல் ஸ்கேல் போதும். ஒரு ஆணிலேந்து ஆரம்பிச்சு அளந்தா சரியா 12 இன்ச்சுல இன்னொரு ஆணி வரணும். ஒரு இன்ச்சுல பதினாறுல ஒரு பங்கு தள்ளி வந்தா செயின் மட்டும் மாத்துனா போதும், எட்டுல ஒரு பங்கு தள்ளிருந்தா ஃப்ரீவீல், அதான் பின் வீல் பல்சக்கரம், அதோட பல்லும் தேஞ்சிருக்கும், புது செயின் மட்டும் போட்டா நழுவும். கியர் இல்லாத வண்டில கொஞ்சம் முன்ன பின்ன ஓடிடும், கியர் வண்டில ஓடாது.

பெடல் கிராங்க் ஆடுதுன்னு சொல்லி வெலைய கொறைக்க நல்ல சான்ஸ் இருக்கு. ரெண்டு கிராங்கையும் பிடிச்சு ஆட்டுங்க, ரெண்டும் சேந்து ஆடுனா உள்ள கப்பு, ஆக்சில், பால்ரஸ் பிரச்சனை. ஒன்னு மட்டும் தனியா ஆடுனா வெறும் காட்டர் பின்னு, கிராங்க ஆக்சிலோட இறுக்கிப் பிடிக்கற ஆணி, சில்லறைக் காசு. விக்கறவருக்கு இந்த வித்தியாசம் தெரியாது, நீங்களும் சொல்ல வேணாம் (சும்மா சொன்னேன், எங்க பெரியம்மாகிட்ட சொல்லிட்டேன்).

அதென்ன பெரியம்மான்னா, அந்த லேடீஸ் வண்டி அவங்களோடதுதான். அக்கா ஸ்கூலுக்குப் போனது, இப்ப அக்கா பொண்ணே ஸ்கூல் போகுது. வாங்க கணக்கு போடுவோம், இது எங்க ஊரு ரேட்டு, உங்க ஊர்ல கடைல கேட்டு மாத்திக்கோங்க.

நல்லா ரெடியான லேடீஸ் வண்டி எங்க பக்கம் 2500க்குப் போகும். பாத்த ஒடனே தோணுன செலவு: டயர் ரெண்டு 600, டியூப் ரெண்டு 260, செயின் ஃப்ரீவீல் 350, ப்ரேக் கட்டையும் கேபிளும் 180, சீட்டு கவர் 100, பால்ரஸ் கிரீஸ் 100. மொத்தம் 1590. கேட்ட 800ஐயும் சேத்தா 2390. கையில நிக்கறது 110 ரூபா, அதுக்கு ரெண்டு நாள் கிரீஸ்ல கைய விட்டுட்டு ஒக்காரணும். வேணாம்னு வந்துடலாம்னுதான் தோணும்.

அப்பதான் ஸ்கேல எடுத்தேன். செயின் 12 இன்ச்சுல நச்சுனு உக்காந்துச்சு, அக்கா வண்டிய அதிகம் ஓட்டவே இல்ல போல, டீசல்ல ஊறப்போட்டு கழுவுனா போதும், 350 மிச்சம். டயர்ல காத்தடிச்சுப் பாத்தா முன்னாடி டயர் பக்கவாட்டுல வெடிக்கல, டியூப்பும் காத்து நிக்குது, அங்க 430 மிச்சம். ஆக சாமான் செலவு 810. இப்ப 2500லேந்து 810 போச்சு, என் ஒன்றரை நாள் கூலி 600 போச்சு (இத எல்லாரும் மறந்துடுவாங்க, பொழுதுபோக்குத்தானேன்னு), பிரிச்சதுக்கு அப்புறம் தெரியப்போற பூதத்துக்கு 300 போச்சு. மிச்சம் 790. இதுதான் நான் குடுக்கக்கூடிய உச்ச வெலை, இதுக்கு மேல ஒரு பைசா குடுத்தாலும் நான் பெரியம்மாவுக்கு சும்மா வேல பாக்கறேன்னு அர்த்தம். 600க்கு முடிஞ்சுது. பூதமும் வந்துச்சு, பெடல் கப்புல ஒன்னு வெடிச்சிருந்துச்சு, 150.

வெலை எப்ப கெடைக்கும்ங்கறதும் இருக்கு. மே கடைசி, ஜூன் மாசம் ஸ்கூல் தொறக்கறப்ப விக்கற வண்டி அக்டோபர் மழைல நகராது. அதுலயும் ஒன்னு கவனிங்க, நம்ம தமிழ்நாட்டுல 2001-02லேந்து அரசு பள்ளிக்கூட பசங்களுக்கு விலையில்லா சைக்கிள் குடுக்கறாங்க, ஆரம்பத்துல எஸ்சி எஸ்டி பொண்ணுங்களுக்கு மட்டும்தான் இருந்துச்சு, அப்புறம் எல்லாருக்கும்னு ஆச்சு, இப்ப பதினொன்னாவது படிக்கறவங்களுக்குப் போகுது. அதனால பதினொன்னு போற பசங்க வீட்டுல உங்க வண்டிய யாரும் கேக்க மாட்டாங்க, உங்க கஸ்டமர் ஆறாவதுலேந்து பத்தாவது வரைக்கும்தான். ஸ்கூல முடிச்சதும் அந்த அரசு வண்டிகளும் பழைய மார்க்கெட்டுக்குத்தான் வருது, அதோட போட்டி போட்டு நீங்க ரேட்டு வைக்கணும்.

பார் வண்டி, அந்த கறுப்பு 28 இன்ச்சு, ராடு ப்ரேக் வச்சது. அதுக்கு இப்பவும் ஆள் இருக்கு, பால்காரர், டீ கேன் கட்டிட்டு போறவர், கொத்தனார் வேலைக்குப் போறவர். சாமான் எல்லாம் ஒரே அளவு, ஹெர்குலிஸ்ல கழட்டுனது ஹீரோல மாட்டும், அட்லஸ் கம்பெனி 2020ல சாகிபாபாத் ஃபேக்டரிய மூடிட்டாலும் அதுக்கு சாமான் இல்லாம வண்டி நிக்கல. ஆனா பார் வண்டி வாங்கறவரு கேரியரையும் ஸ்டாண்டையும்தான் ஆட்டிப் பாப்பாரு, பெயிண்ட்டுக்கு நீங்க போடற காசு வீண்.

இன்னொரு வகை, தாத்தா காலத்து வெளிநாட்டு வண்டி. நாட்டிங்காம்ல செஞ்ச ராலே, ஹம்பர், பர்மிங்காம் பிஎஸ்ஏ. (1949ல டிஐ சைக்கிள்ஸ் அம்பத்தூர்ல ஆரம்பிச்சதுக்கு அப்புறம் ஹெர்குலிஸ் பேர்ல இங்கயே வண்டி செஞ்சாங்க, அதனால பழைய ஹெர்குலிஸ்னா ஒடனே லண்டன் வண்டின்னு கெளம்பாதீங்க.) பின் வீல் நடுவுல இருக்கற ஹப்புல ஸ்டர்மி ஆர்ச்சர்னு (அது இங்கிலாந்து ஹப் கம்பெனி) எழுதி பக்கத்துல நம்பர் இருந்தா அதுலயே வருஷம் இருக்கும். அப்படி ஒன்னு கெடச்சா எதையும் தொடாதீங்க, பெயிண்ட் அடிக்கவே அடிக்காதீங்க, தொடச்சு எண்ணெய் போட்டு அப்படியே விடுங்க, சேகரிக்கறவங்க அந்தப் பழைய பெயிண்ட்டுக்கும் ஸ்டிக்கருக்கும்தான் காசு குடுப்பாங்க.

இப்ப அந்த சிவப்பு வண்டிக்கு வருவோம்.

(சீட்ட ஒரு கையில, பின் வீல இன்னொரு கையில பிடிச்சு ஆட்டறது)

கேட்டீங்களா, டக்கு டக்குன்னு. பின் ஷாக்குக்கு முன்னாடி இருக்கற போல்ட்டு புஷ்ஷு தேஞ்சுபோச்சு. இது பேர் தெரியாத கம்பெனி, அந்த சைஸ் புஷ்ஷ எங்க தேடியும் கெடைக்கல, லேத்துல கடைஞ்சு போட்டா வண்டி வெலைல பாதி போயிடும். கியர் ஷிஃப்டர் ரெண்டுல ஒன்னு உடைஞ்சிருக்கு, பின்னாடி செயின பல்லுக்கு பல்லு தள்ளி கியர் மாத்தற டீரெய்லர் வளைஞ்சிருக்கு, ஃப்ரீவீலும் செயினும் மாத்தணும். அத்தனையும் போட்டாலும் இந்த மாதிரி வண்டி செகண்ட் ஹேண்ட்ல 2000த்த தாண்டறது கஷ்டம், ஏன்னா கொஞ்சம் மேல காசு போட்டா புதுசே கெடைக்குது. பாக்கறதுக்கு அழகா இருக்கறதால விக்கறவரும் வெலைய எறக்க மாட்டாரு, 800லயே நின்னாரு.

நான் வாங்கல. ரெண்டு வாரம் கழிச்சு அவரே போன் பண்ணாரு, எடத்த அடைச்சுக்கிட்டு நிக்குது, 350 குடுத்து எடுத்துட்டுப் போங்கன்னு. கணக்கு இப்ப மாறிடுச்சு, ஏன்னா காயலான் கடைல இரும்பு வெலைக்குப் போட்டாலே, 17 கிலோ வண்டி, கிலோ 25 ரூபான்னா 425 வந்துடும். ஆக நஷ்டம் வர வழியில்ல. மொதல்ல ரெண்டு டயர கழட்டுனேன், 1.95 சைஸ், நல்ல கட்டை, ரெண்டும் சேத்து 300க்கு பக்கத்துத் தெரு பையன் வண்டிக்குப் போச்சு. முன் வீலு, சீட்டு, பெடல், ஹேண்டில் என்கிட்ட இருக்கு, அடுத்த வண்டிக்கு ஆகும். மிச்ச ஃப்ரேம் பின்னாடி கெடக்கு பாருங்க, நாளைக்கு காயலான் கடைக்குப் போகுது, ஷாக் ஸ்பிரிங்க மட்டும் கழட்டி வச்சுட்டேன், கேட்டு கதவுக்கு ஆகும்னு அப்பா கேட்டாரு.