குடியிருக்கத் தகுந்த ஊர்
(மதுரை கே.கே. நகரில் நடைபெற்ற குடியிருப்போர் நலச் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் மண்டலத் தலைவர் அவர்களே, வார்டுப் பணிகளுக்கிடையே நேரம் ஒதுக்கி வந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, எனக்குப் புவியியல் கற்பித்து, இன்று முன்வரிசையில் அமர்ந்து என் பிழைகளைக் குறித்துக்கொள்ளக் காத்திருக்கும் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, வரவேற்புரையிலேயே என் உரையின் பாதியை ஆற்றி என் சுமையைக் குறைத்த சங்கச் செயலாளர் அவர்களே, தாய்மார்களே, பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம். அணிவித்த பொன்னாடைக்கு நன்றி. அடுத்த ஆண்டு அந்தச் செலவில் ஓர் எல்லைக்கல் நட்டுத் தாருங்கள் என்று கேட்கப்போகிறேன். அதற்குப் பின்னர் வருகிறேன்.

'வாழ்வதற்குச் சிறந்த நகரம் எது?' என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. பிழைப்பு, பாதுகாப்பு, மருத்துவம், நடமாட வீதி, தண்ணீர் என ஐந்து செய்திகளைச் சொல்ல வந்திருக்கிறேன். ஐந்தாவதை முதலில் எடுத்துக்கொள்ளும் ஆசை எனக்கு எப்போதும் உண்டு. ஆறில்லா ஊருக்கு அழகு பாழ் என்று நம் முன்னோர் சொன்னார்களே தவிர, மேம்பாலம் இல்லா ஊருக்கு அழகு பாழ் என்று சொல்லவில்லை.

பிழைப்பையும் பாதுகாப்பையும் பற்றி மதுரைக்காரர்களிடம் நான் விளக்க வேண்டியதில்லை. நள்ளிரவில் வந்து இறங்குகிறவருக்கும் சூடாக இட்லி கிடைக்கிற ஊர் இது. மருத்துவத்துக்கோ, சிவகங்கை, இராமநாதபுரம் பக்கத்திலிருந்தெல்லாம் நம் அரசு இராசாசி மருத்துவமனைக்கு வருகிறார்கள். நடைபாதையைப் பற்றிப் பேச இன்னொரு கூட்டம் போட வேண்டும்; அந்தக் கூட்டத்துக்கு நடந்து வர முடியுமா என்பது வேறு கேள்வி.

நகரங்களைத் தரவரிசைப்படுத்துவது இப்போது வழக்கமாகிவிட்டது. 2021 மார்ச்சில் மத்திய அரசு வெளியிட்ட 'எளிதாக வாழும் நகரங்கள்' பட்டியலில், பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களுள் பெங்களூரு முதலிடமும் சென்னை நான்காமிடமும் பெற்றன. முதலிடம் பெற்ற அதே பெங்களூருவில்தான் 2024 கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இருந்தவர்கள் தண்ணீர் லாரிக்குக் காத்துக் கிடந்தார்கள். 2025 ஜூலையில் வெளியான தூய்மைக் கணக்கெடுப்பில் நாற்பது பெருநகரங்களுள் நமக்கு நாற்பதாவது இடம் கிடைத்தது என்பதால் பொறாமையில் பேசுகிறேன் என்று எண்ண வேண்டாம். ஏரிகளைத் தூர்த்து வளர்ந்த ஊருக்கு எத்தனை பரிசு கொடுத்தாலும் நீர் ஊறாது. உலகப் பட்டியல்களில் பல ஆண்டுகள் முதலிடத்தில் இருந்த வியன்னா, 1873 முதல் மலைச் சுனைகளிலிருந்து நீரைக் கொண்டுவந்து குடிக்கிறது. அந்த நீர் பிறக்கும் மலைக்காடுகளையும் சேர்த்துக் காக்கிறது.

நமக்கு நீர் எங்கே பிறக்கிறது? வருசநாட்டு மலையில் பிறக்கும் வைகை ஒன்று. 1895இல் பென்னிகுவிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையிலிருந்து மலையைக் குடைந்து வரும் பெரியாற்று நீர் மற்றொன்று. இப்போது தேனி மாவட்டத்து லோயர் கேம்பிலிருந்து 1,200 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில் குழாய் வழியாகவும் கொண்டுவருகிறோம். அதை நான் குறை கூறவில்லை. ஆனால் நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து நீரைக் கொண்டுவரும் நாம், வாசலில் பெய்யும் மழை தங்குவதற்கு இருந்த மாடக்குளம், செல்லூர், உலகனேரி, வண்டியூர்க் கண்மாய்களை என்ன செய்தோம்? கூடலழகருக்கு மாலையாக ஓடியது என்று தலபுராணம் போற்றும் கிருதுமால் நதியின் மேல் பாலம் வரும்போது, பேருந்தில் இருப்பவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள். ஆறில்லா ஊருக்கு அழகு பாழ். ஆறு இருந்தும் அதைச் சாக்கடை என்று அழைக்கும் ஊரை என்னவென்பது?

இந்த இடத்தில் என் பெரியப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். உசிலம்பட்டிப் பக்கத்துச் சம்சாரி, அதாவது விவசாயி. தம் கிராமத்துக் கண்மாயில் மடை திறந்து வயல்களுக்குத் தண்ணீர் பிரித்துவிடும் நீர்ப்பாய்ச்சியாக இருந்தவர். பேரனுக்கு மதுரையில் மனை வாங்க வேண்டும் என்று ஒரு மனை வணிக நிறுவனத்தின் வேனில் ஏறினார். துணைக்கு நானும் போனேன். ஷாமியானா, கேசரி, குலுக்கலில் தங்கக் காசு, வழவழப்பான வண்ணப்படத்தில் நீலநிறத் தண்ணீரும் இரண்டு அன்னங்களும். டை கட்டிய தம்பி, "ஐயா, இது லேக் வியூ மனை" என்றார். பெரியப்பா கேசரியைச் சாப்பிட்டு முடித்தார். அதில் அவர் குறை வைக்கவில்லை. பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வடக்கே நடந்தார். தரையில் கிடந்த நத்தைக்கூட்டைப் பொறுக்கினார். குதிகாலால் மண்ணைக் கிளறிக் கரம்பை மண்ணைக் கையில் எடுத்துப் பிசைந்தார். கருவேலம் புதருக்குள் தலையை நுழைத்து, இடிந்து கிடந்த கல்கட்டு ஒன்றைத் தடவிப் பார்த்தார். "தம்பி, இது என்னப்பா?" என்று கேட்டார். "பழைய காம்பவுண்டு சுவரு ஐயா." "காம்பவுண்டு இல்லப்பா, இது மடை. அந்தா உசரமாத் தெரியுதே, அது கரை. மிச்சத் தண்ணி வெளியேறுற கலுங்கு கிழக்கே இருக்கும், போய்ப் பாரு." அந்தத் தம்பி சிரித்துக்கொண்டே, "அதெல்லாம் அந்தக் காலம் ஐயா, இப்ப பட்டா இருக்கு" என்றார். பெரியப்பா சொன்ன பதிலை நான் எந்த மேடையிலும் விட்டுவைத்ததில்லை: "பட்டா உங்கிட்ட இருக்கு சரி, மழைக்கு யாருப்பா காட்டுறது? கரையில நின்னு தண்ணியப் பாத்தா நீ சொல்ற லேக் வியூ. இங்க நான் தண்ணிக்குள்ள நின்னுல்ல கரையப் பாக்குறேன்!" வேனில் வந்திருந்த பாதிப் பேர் அப்படியே திரும்பி வேனில் ஏறிவிட்டார்கள். கேசரி மட்டும் நன்றாக இருந்தது என்று பெரியப்பா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

கைதட்டல் போதும், அன்பர்களே. 2024 அக்டோபரில் ஒரே நாளில் கொட்டிய மழையில் செல்லூரிலும் நரிமேட்டிலும் வீடுகளுக்குள் நீர் புகுந்தபோது அங்கே யாரும் கைதட்டவில்லை. கண்மாய் நிறைந்து வைகைக்குப் போக வேண்டிய நீருக்குப் போதுமான வாய்க்கால் இல்லை. அதனால் அந்த நீர் தெருவில் நடந்து போனது.

இதற்கு மாற்றும் இந்த ஊரிலேயே இருக்கிறது. திருமலை நாயக்கர் வெட்டிய மாரியம்மன் தெப்பக்குளத்தின் நடுவே ஸ்டம்பு நட்டுக் கிரிக்கெட் ஆடியவர்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள். தைத் தெப்பத் திருவிழாவில் தண்ணீர் இல்லாமல் நிலைத்தெப்பம் நடத்திய ஆண்டுகள் உண்டு. வைகையிலிருந்து வரும் பனையூர்க் கால்வாயைச் சீர்செய்து நீரை விட்ட பிறகு குளம் நிறைந்தது. இன்று மாலையில் படிக்கட்டுச் சுவரெங்கும் குடும்பங்கள். சுற்றிலும் சுண்டல் வண்டிகள். புதிதாக எதையும் கட்டவில்லை. பழைய வாய்க்காலைத் திறந்துவிட்டோம், அவ்வளவுதான்.

எனவே என் கோரிக்கை ஒன்றே. ஆக்கிரமிப்புகளை அகற்றத் தமிழ்நாட்டில் 2007ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் எது கண்மாய், எது வாய்க்கால் என்று தரையில் அடையாளம் இல்லாத இடத்தில் அந்தச் சட்டம் எதைப் பிடித்து நிற்கும்? மாநகராட்சியின் 100 வார்டுகளிலும் உள்ள ஒவ்வொரு கண்மாயையும் வரத்துக் கால்வாயையும் வருவாய்த் துறையின் பழைய புலப்படத்தை வைத்து அளந்து, எல்லைக்கல் நட்டு, சர்வே எண்ணையும் பரப்பையும் பெயர்ப்பலகையில் எழுதி வைக்க வேண்டும். ஆறில்லா ஊருக்கு அழகு பாழ் என்றால், எல்லை தெரியாத கண்மாய்க்கு ஆயுள் பாழ். மாமன்ற உறுப்பினர் அவர்கள் தலையசைக்கிறார்கள். அதைக் கூட்டக் குறிப்பில் பதிவு செய்யும்படி செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

மற்ற நான்கு செய்திகளை விரித்துப் பேச நேரமில்லை என்று தலைவர் மணியைக் காட்டுகிறார். வாயிலருகே மேசையில் மனு இருக்கிறது, கையெழுத்திடுங்கள். அதனருகே ஒரு நோட்டும் இருக்கிறது. உங்கள் தெருவில் முன்பு வாய்க்கால் ஓடியதை அறிந்த பெரியவர்கள், அது எந்த வீட்டருகே தொடங்கி எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை அதில் எழுதிவைத்துவிட்டுச் சாப்பிடப் போகுமாறு வேண்டி அமர்கிறேன். நன்றி, வணக்கம்.