வேலைநாளின் அடுப்பும் எழுத்து மேசையும்

நேயர்களுக்கு வணக்கம். பகலில் ஒரு வேலை, விடியலிலோ இரவிலோ எழுத்து அல்லது ஓவியம் அல்லது இசை, இவற்றுக்கு நடுவே தம் சாப்பாட்டைத் தாமே சமைத்துக்கொள்ளும் பொறுப்பு என்று வாழ்கிறவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். நானும் அவர்களில் ஒருவன் என்பதைத் தவிர இதைப் பேச எனக்கு வேறு தகுதி இல்லை.

வேலை பார்த்துக்கொண்டே பெரிதாக எழுதியவர்களைப் பற்றி நாம் நிறையக் கேள்விப்பட்டிருக்கிறோம். ஆந்தனி டிரொல்லோப் அஞ்சல் துறைப் பணியில் இருந்தபடியே, நாள்தோறும் காலை ஐந்தரை மணிக்கு மேசையில் அமர்ந்து நாவல் எழுதினார். ஃபிரான்ஸ் காஃப்கா தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் பிற்பகல் இரண்டு மணிவரை வேலை பார்த்துவிட்டு இரவில் எழுதினார். ஆனால் டிரொல்லோப்பைத் துயிலெழுப்பிக் காப்பி கொடுக்க ஒரு பணியாளர் இருந்தார் என்பதையும், காஃப்கா அந்த ஆண்டுகளில் பெரும்பாலும் பெற்றோர் வீட்டில் வாழ்ந்தார், அங்கே சமைக்க ஆள் இருந்தது என்பதையும் அவர்களை முன்மாதிரியாகக் காட்டுகிறவர்கள் சொல்வதில்லை. பதிப்பகத்தில் ஆசிரியர் வேலை பார்த்துக்கொண்டு இரண்டு மகன்களைத் தனியாக வளர்த்தபடி விடியலுக்கு முன் எழுந்து எழுதிய டோனி மாரிசன்தான் நம் நிலைமைக்குச் சற்று நெருங்கி வருகிறார்.

சமையலுக்கு எவ்வளவு நேரம் செலவாகிறது என்பதைவிட, எந்த நேரம் செலவாகிறது என்பதே நம்மைப் போன்றவர்களுக்கு முக்கியம் என்று நான் கருதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வாரம் முழுமைக்கும் ஒரே மூச்சில் சமைத்து வைத்துவிடுங்கள் என்ற அறிவுரை எங்கும் கிடைக்கிறது. வேலைக்குப் போவதைத் தவிர வேறு பொறுப்பு இல்லாதவருக்கு அது நல்ல அறிவுரைதான். ஆனால் ஓர் அத்தியாயத்தையோ ஒரு பெரிய ஓவியத்தையோ தொடங்கி இடையறாமல் மூன்று மணி நேரம் அதிலேயே இருக்க நமக்கு வாய்க்கும் ஒரே பொழுது அந்தக் காலைதான். அதைக் காய் நறுக்கிக் கழிப்பது வீண் செலவு. வேலைநாள் மாலையில் மனம் ஏற்கெனவே களைத்திருக்கிறது. அந்த மனத்தால் ஒரு பத்தியைத் திருத்தி எழுத முடியாமல் போகலாம், ஆனால் வெங்காயம் நறுக்க முடியும். ஆகவே மாலையில் சமைக்கும்போதே இரண்டு மடங்காகச் சமைப்பது என் வழக்கம். நறுக்கும் வேலை கூடும், தண்ணீர் கொதிக்கவும் சற்று அதிக நேரம் பிடிக்கும். ஆனால் ஊறும் நேரமும் மெல்ல வேகும் நேரமும் கழுவ வேண்டிய பாத்திரங்களும் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். மறுநாள் மாலை முழுவதும் கைக்கு வருகிறது.

இதில் ஓர் எச்சரிக்கை தேவை, குறிப்பாக வேலையில் மூழ்கினால் கடிகாரத்தை மறப்பவர்களுக்கு. சமைத்த உணவை அடுப்பு மேடையிலேயே விட்டுவிட்டு எழுதப் போய், நள்ளிரவில் எடுத்து வைப்பது ஆபத்தானது. 5 முதல் 60 டிகிரி செல்சியஸ்வரையிலான வெப்பத்தில் பாக்டீரியாக்கள் வேகமாகப் பெருகும். சோற்றில் உள்ள பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் பிழைத்திருக்கும். அவை வெளியில் முளைத்துப் பெருகி உண்டாக்கும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழிவதில்லை. எனவே மிச்சத்தை அகலமான பாத்திரத்தில் பரப்பி ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். சோற்றை அதைவிடவும் விரைவில் வைப்பது நல்லது. பொதுவாகச் சமைத்த உணவு அங்கே மூன்று நான்கு நாள் இருக்கும்.

அடுப்பில் ஏதோ வெந்துகொண்டிருக்கும்போது மேசையில் உட்கார்ந்து வேலை செய்யலாமா என்பது அடுத்த கேள்வி. எல்லாச் சமையலுக்கும் ஒரே பதில் கிடையாது. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் இருக்கும்வரை அதன் வெப்பம் சுமார் 100 டிகிரியைத் தாண்டுவதில்லை. எண்ணெய்க்கு அப்படி ஒரு வரம்பு இல்லை, அது புகைந்து கடைசியில் தீப்பற்றவும் கூடும். ஆகையால் பொரிக்கும் நாளில் அடுப்பைவிட்டு நகரவே கூடாது. மெல்ல வேகும் குழம்புக்குப் பக்கத்தில், சமையலறையிலேயே, மணியடிக்கும் கடிகாரத்தை வைத்துக்கொண்டு அச்சுப்படி பார்க்கலாம், கடிதங்களுக்குப் பதில் எழுதலாம். புதிதாக எதையும் படைக்க முயல வேண்டாம், ஏனெனில் அடிக்கடி தலை திருப்பும் கவனத்தில் அது நடக்காது. தண்ணீருக்குரிய இதே வரம்பைக் கொண்டுதான் 1955இல் விற்பனைக்கு வந்த தானியங்கி மின்சாரச் சோறு சமைப்பான் வேலை செய்தது. தண்ணீர் தீர்ந்து வெப்பம் நூறைத் தாண்டியதும் அது தானாகவே அணைந்துகொண்டது. வேலையோடு படைப்பையும் சுமப்பவர்களுக்கு மற்ற எந்தச் சமையலறைக் கருவியைவிடவும் அதுவே உதவியானது என்பேன். தாழ்ந்த வெப்பத்தில் பல மணி நேரம் வேகவைக்கும் மின்பானையும் நல்லதுதான், ஆனால் ராஜ்மாவை ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் குறைந்தது பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவைத்த பிறகே அதில் போட வேண்டும். ராஜ்மாவிலுள்ள நச்சுப்பொருள் தாழ்ந்த வெப்பத்தில் அழியாது.

இன்று என்ன சமைப்பது என்று வேலை முடிந்து வந்து, குளிர்பதனப் பெட்டியின் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு யோசிப்பதில் போகும் நேரத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. முந்தைய இரவே பருப்பையோ பயறையோ ஊறவைத்துவிட்டால் அந்த முடிவு முடிந்துவிட்டது. வேலைநாள்களில் பழகிய சில உணவுகளையே திரும்பத் திரும்பச் சமைப்பதில் எந்தக் குறையும் இல்லை. புதுப்புதுச் செய்முறைகளைத் தேடிச் செய்து பார்ப்பதும் ஒரு படைப்பு இன்பமே. ஆனால் எழுத வேண்டிய பக்கத்தைத் தள்ளிப்போடுவதற்கு அதைவிடக் கண்ணியமான சாக்கு கிடையாது என்பதை நம்மில் பலர் உள்ளூர அறிவோம்.

இறுதியாக, நறுக்கும் நேரத்தைப் பற்றி ஒரு சொல். சிந்தனை உருவாகும் படிநிலைகளை 1926இல் விவரித்த ஆங்கிலேய அறிஞர் கிரேயம் வாலஸ், ஒரு சிக்கலை உழைத்து ஆராய்ந்த பின் அதை வலிந்து நினைக்காமல் விட்டுவைக்கும் கட்டத்துக்குத் தனி இடம் கொடுத்தார். கைக்கு வேலையும் மனத்துக்கு ஓய்வும் தரும் காய் நறுக்கல் அதற்கு ஏற்றது, ஆனால் ஆராயும் உழைப்பு முன்பே நடந்திருக்க வேண்டும். ஆகவே மாலையில் அடுப்படிக்குப் போகும் முன், காலையில் நிறுத்திய இடத்தை ஐந்து நிமிடம் படித்துவிட்டுச் செல்லுங்கள். ஏதேனும் தோன்றினால் கைப்பேசியில் குரலாகப் பதிந்துகொண்டு, சாப்பிட உட்காரும் முன் அதைத் தாளில் எழுதிவிடுங்கள். பதிவுகள் சேர்ந்துபோனால் பிறகு யாரும் கேட்பதில்லை. நன்றி, வணக்கம்.